கர்ணன் சிரித்தான்: பட்டிமன்றக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கும், நடுவர் ஐயாவுக்கும், அன்று மேடையேறிப் பேசிய ஆறு பேருக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு நீங்கள் நடத்திய பட்டிமன்றத்தைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்டவர்களில் நானும் ஒருத்தி. ‘கர்ணன் செய்த தவறுகளுக்குக் காரணம் சூழ்நிலையா, சுபாவமா?’ என்பது தலைப்பு. பதினொன்றரை மணிவாக்கில் நடுவர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். கர்ணன் ஒரு சூழ்நிலைக் கைதி, பிறந்த நாள் முதல் அடிபட்டவன், அவன் செய்ததையெல்லாம் இந்தச் சபை மன்னிக்கிறது என்றார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. பொய் சொல்வானேன், நானும்தான் தட்டினேன்.

தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்த பெண், மடியில் தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரரும் சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டவருதான்.” அவ்வளவுதான். அப்புறம் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கர்ணன் கட்சிக்காரி. சிவாஜியின் ‘கர்ணன்’ வந்தது 1964-ல்; எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு அது பல வருஷம் கழித்துத்தான் வந்தது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். அழுத அழுகையில் பாவாடை நுனி நனைந்துவிட்டது. 2012-ல் அதே படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது மகனைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் அழுதேன். ஆகையால் கர்ணனைத் திட்டுவதற்காக எழுதும் மடல் இல்லை இது. அவனுக்காக அழுகிறவர்களில் ஒருத்தி அவனுடைய வக்கீல்களிடம் கேட்கும் சில கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் பட்டதைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற குந்தி அவனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். பெட்டி கங்கையில் மிதந்து அங்க நாட்டுப் பக்கம் ஒதுங்கி, தேரோட்டி அதிரதன் வீட்டில் அவன் ராதையின் மகனாக வளர்ந்தான். பிரம்மாஸ்திரம் கற்றுத்தர துரோணர் மறுத்தார். பரசுராமரிடம் பொய் சொல்லிக் கற்றான். அந்தப் பொய்க்குச் சாபம் வாங்கினான். எல்லாவற்றையும்விட எனக்கு உறைப்பது அரங்கேற்றக் காட்சிதான். அரசகுமாரர்கள் வித்தை காட்டும் மைதானத்தில், அர்ச்சுனன் செய்ததையெல்லாம் தானும் செய்து காட்டி நிற்கிறான் ஒரு இளைஞன். ‘உன் குலம் என்ன?’ என்று கிருபர் கேட்கிறார். தாமரை மழையில் நனைந்ததுபோல் அவன் முகம் கவிழ்கிறது. துரியோதனன் அங்கேயே அவனுக்கு முடிசூட்டுகிறான். அந்த நேரம் பார்த்துக் கிழவன் அதிரதன் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வருகிறான். புதிதாய் முடிசூடிய ராஜா எல்லார் முன்னிலையிலும் அப்பன் காலில் தலை வைத்து வணங்குகிறான். அதைப் பார்த்து பீமன் சிரிக்கிறான். ‘உனக்கு வில் எதற்கு, போய்ச் சாட்டையை எடு’ என்கிறான்.

அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் கர்ணனைப் பற்றிப் பேச முடியாது. குலத்தைக் கேட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்ட எத்தனையோ பேர் அவனைத் தம் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த மைதானம்தான். அவர்கள் பிடித்தது சரியான ஆளைத்தான்.

சரி, இப்போது சூதாட்ட மண்டபம். உங்கள் மேடையில் மூன்று பேர் அவன் சார்பில் பேசினார்கள். மூவருமே இந்த மண்டபத்துக்குள் வரும்போது வேகத்தைக் கூட்டினார்கள், மேடான ரோட்டில் பஸ் போவதுபோல. ‘நண்பனுக்காகச் சில கடுஞ்சொற்கள் சொன்னான்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். நான் இருபத்தாறு வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். சாட்சி எந்த இடத்தில் வேகமாகப் பேசுகிறாரோ அந்த இடத்தில்தான் டைப்பிஸ்டின் காது நிமிரும்.

வியாசர் அந்த இடத்தை வேகமாகச் சொல்லவில்லை. துச்சாதனன் திரௌபதியை இழுத்து வருகிறான். மாதவிலக்கில் ஒற்றை ஆடையோடு இருந்தவளை. ‘தாசி, தாசி’ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறான். அதைக் கேட்டுக் கர்ணன் மிகவும் மகிழ்ந்து, உரக்கச் சிரித்துப் பாராட்டினான் என்கிறது சபா பர்வம். அப்போது அவள் ஒரு சட்டக் கேள்வி கேட்கிறாள்: தன்னையே தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு என்ன உரிமை? பீஷ்மர் முதற்கொண்டு பெரியவர்கள் மழுப்புகிறார்கள். வாய் திறந்து பதில் சொல்பவன் விகர்ணன், துரியோதனனின் கூடப் பிறந்த தம்பி. அவள் ஜெயிக்கப்பட்டவள் அல்ல என்று சொல்கிறான். சபையில் சலசலப்பு. அவனுக்குப் பாராட்டுக்கூடக் கிடைக்கிறது. காற்று திசை மாறப் போகிற தருணம் அது.

அந்தக் காற்றை நிறுத்தியவன் கர்ணன். துரியோதனன் கேட்டுக்கொள்ளவில்லை, திருதராட்டிரன் கட்டளையிடவில்லை. தானாக எழுந்து விகர்ணனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். ஐந்து பேருக்கு மனைவியானவள் பொதுமகள், அவளை ஒற்றை ஆடையிலோ ஆடையில்லாமலோ கொண்டுவந்தாலும் அதிசயமில்லை என்றான். பாண்டவர் ஆடைகளையும் இவள் ஆடையையும் எடு என்று துச்சாதனனிடம் சொன்னான். துகிலுரிதலுக்கு உத்தரவு வந்த வாய் அது. பின்னாலும் ஓயவில்லை: வேறு புருஷனைத் தேடிக்கொள் என்று அவளிடமே சொன்னான். நம் பாரதியும் பாஞ்சாலி சபதத்தில் இதை மூடி மறைக்கவில்லை. முதல் பாகம் 1912-ல் வந்தது. துகிலுரிதல் வரும் இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகுதான் அச்சேறியது. அதில் விகர்ணனை அதட்டி உட்கார வைத்து, அடிமைகளுக்கு மார்பில் துணி எதற்கு என்று கேட்பவன் கர்ணனேதான்.

இது ‘சில கடுஞ்சொற்கள்’ இல்லை ஐயா.

உங்கள் பேச்சாளர்களின் வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம் செஞ்சோற்றுக் கடன். சேராத இடம் சேர்ந்துவிட்டான், உப்பைத் தின்றவன் வேறென்ன செய்வான் என்று அந்தப் பெரியவர் தழுதழுத்தபோது கூட்டமே உருகியது. அதே மண்டபத்தில் அதே உப்பைத் தின்றவன்தானே விகர்ணன்? அவன் பேசினான். பேசியதால் கட்சி மாறினானா? இல்லை. அண்ணனுக்காகவே போருக்குப் போய் பீமன் கையால் செத்தான். கடனும் தீர்ந்தது, நாக்கும் அழுக்காகவில்லை. பிறப்பால் ஒதுக்கப்பட்ட வேதனைதான் கர்ணனை அப்படிப் பேச வைத்தது என்றால், அதே மண்டபத்தில் விதுரர் இருக்கிறார். அரண்மனைப் பணிப்பெண்ணுக்குப் பிறந்தவர். அரியணைக்கு அருகிலேயே வாழ்ந்தும் அதில் உட்கார முடியாதவர். அவர் சூதாட்டம் தொடங்கும் முன்னும் பேசினார், நடுவிலும் பேசினார், வசவும் வாங்கினார். அடிபட்டவர்கள் எல்லாரும் அடிக்கிறவர்கள் ஆகிவிடுவதில்லை என்பதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டாம், இரண்டு ஆசனம் தள்ளிப் பார்த்தால் போதும்.

இரண்டாவது வாதத்தைச் சொன்னவர் அந்தக் கல்லூரி மாணவி. மிக நன்றாகப் பேசிய பெண். சுயம்வரத்தில் திரௌபதி ‘சூத புத்திரனை மணக்க மாட்டேன்’ என்று எல்லார் முன்பும் சொல்லி அவனை அவமானப்படுத்தினாள், அந்தக் காயம்தான் மண்டபத்தில் சீழாக வடிந்தது என்றது அந்தப் பெண். உவமை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு தகவல். புனேயில் பண்டார்கர் நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டு மகாபாரதத்துக்கு ஒரு செம்பதிப்பு கொண்டுவந்தது. 1919-ல் ஆரம்பித்த வேலை 1966-ல்தான் முடிந்தது. அந்த வசனம் சில சுவடிகளில் மட்டுமே இருக்கிறது என்பதால் அவர்கள் அதை மூலத்தில் சேர்க்கவில்லை. வில்லை நாணேற்ற முடியாமல் போனவர்கள் கூட்டத்தில்தான் அங்கே கர்ணன் இருக்கிறான். அதேபோல் மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுந்தபோது திரௌபதி சிரித்தாள் என்ற கதை. வியாசர் நேரே சொல்லும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் மற்றத் தம்பிகளும் வேலைக்காரர்களும். அவள் சிரித்தாள் என்பது பின்னால் துரியோதனன் தன் அப்பாவிடம் போய்ச் சொல்லும் புகாரில்தான் வருகிறது. கோர்ட்டில் இதற்கும் நேரில் கண்ட சாட்சிக்கும் வித்தியாசம் உண்டு.

அது கிடக்கட்டும். அவள் அப்படிச் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு மறுத்த பெண்ணை வருஷங்கள் கழித்து நூறு ஆண்கள் நடுவில் ஆடை களையச் சொல்வது அதற்குப் பதிலா? மறுத்தாள், அதனால்தான் செய்தான் என்ற வாக்கியத்தை இன்றைய செய்தித்தாளில் படித்தால் அந்த மாணவியே கொதித்துப் போவாள். மேடையில் மட்டும் அது வாதமாகிவிடுகிறது.

அவன் எதிர்க்கட்சியில் பேசியவர்களையும் விட்டுவிட முடியாது. ‘எல்லாம் வளர்ப்பு அப்படி, தேரோட்டி வீட்டில் வளர்ந்தால் பேச்சு வேறெப்படி இருக்கும்’ என்று ஒருவர் சொன்னார். கூட்டம் சிரித்தது. நடுவர் ஐயா, நீங்களும் சிரித்தீர்கள். அரங்கேற்ற மைதானத்தில் பீமன் சிரித்த அதே சிரிப்பு நம் ஊர் மேடையில் அன்று மறுபடி கேட்டது. உண்மையில் அந்தக் கதை முழுக்கத் தேடினாலும் அதிரதன், ராதையைவிட நல்ல தாய் தகப்பன் கிடைக்க மாட்டார்கள். போருக்கு முன் கிருஷ்ணன் வந்து ‘நீதான் மூத்தவன், வா, ராஜ்யம் உனக்கு’ என்கிறபோது கர்ணன் என்ன சொல்கிறான்? என்மேல் வைத்த பாசத்தில் ராதைக்கு உடனே பால் சுரந்தது, என் மலமூத்திரம் அள்ளியவள் அவள், அவளுக்குப் பிண்டம் வைக்காமல் போவேனா என்கிறான். வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. பழி சொல்ல ஆள் வேண்டுமென்றால் அந்தக் குடிசைப் பக்கம் தயவுசெய்து திரும்பாதீர்கள்.

நடுவர் ஐயா சொன்ன ‘சூழ்நிலைக் கைதி’ என்ற சொல்லில்தான் எனக்கு முக்கியமான தகராறு. இந்தக் கதையில் சூழ்நிலைக்கு வளையாத ஆள் யார் என்று கேட்டால் நான் கர்ணன் பெயரைத்தான் சொல்வேன். இந்திரன் வேஷம் போட்டு வருவான், கவச குண்டலத்தைக் கொடுக்காதே என்று சூரியனே கனவில் வந்து எச்சரிக்கிறான். மாட்டேன், கேட்டால் கொடுப்பேன் என்கிறான். கிருஷ்ணன் நாட்டையே நீட்டுகிறான், மாட்டேன் என்கிறான். பெற்ற தாய் ஆற்றங்கரையில் வந்து நின்று கெஞ்சுகிறாள். அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்ல மாட்டேன் என்று ஒரு வாக்கு மட்டும் கொடுத்து அவளையும் திருப்பி அனுப்புகிறான், அந்த வாக்கைப் போரில் காப்பாற்றவும் செய்கிறான். சூரியனுக்கே மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு மண்டபத்தில் சும்மா இருக்கவா தெரியாது? அவனைக் கைதி என்று சொல்வது அவனுக்கே அவமானம். அவன் கொடையெல்லாம் அவனுடைய பெருமை, அவன் கொடுமை மட்டும் சூழ்நிலையுடையது என்று பங்கு பிரிக்க முடியுமா?

பின் ஏன் அப்படிச் செய்தான்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நான் பண்டிதை இல்லை. வாழ்நாள் முழுக்க அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த மண்டபத்தில்தான் சிரிக்கிறவர்கள் பக்கம் உட்கார அவனுக்கு ஒரு இடம் கிடைத்தது. அன்று சாட்டையை எடு என்று சொன்ன பீமன் இப்போது தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவியைப் பார்த்துக் கர்ணன் சிரிக்கிறான். எவ்வளவு மனுஷத்தனமான காரணம் பாருங்கள். நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அது காரணம்தான், நியாயம் இல்லை. தமிழில் காரணம், சாக்கு, சமாதானம், நியாயம் என்று நாலு சொல் தனித்தனியாக இருக்கின்றன. அன்று மேடையில் நாலையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டீர்கள்.

கோர்ட் விஷயம் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235-ஆவது பிரிவில் இரண்டு படி இருந்தது. முதலில் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பு. குற்றவாளி என்று முடிவானால் தண்டனை பற்றி அந்த ஆளிடம் தனியாகக் கேட்க வேண்டும். இப்போது சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் மாறிவிட்டன, முறை மாறவில்லை. அந்த இரண்டாவது படியில்தான் மனிதர்கள் உடைவார்கள். வயசான அம்மா, கைக்குழந்தை, சின்ன வயசில் அப்பன் பீடியால் சுட்ட தழும்பு, எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். டைப் அடிக்கும்போது என் விரல் நடுங்கிய நாட்கள் உண்டு. அதைக் கேட்டு நீதிபதி வருஷத்தைக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டு, அப்படியானால் குற்றமே நடக்கவில்லை என்று யாரும் சொல்லி நான் டைப் அடித்ததில்லை. மனைவியின் கையில் சுட்ட வடு, அவன் முதுகில் இருந்த வடுவால் ஆறிவிடாது. பட்டிமன்றத்தில் நீங்கள் செய்தது இரண்டாவது படியை முதலில் ஏறியது. கண்ணீரை முதலில் வாங்கிவிட்டீர்கள். அப்புறம் குற்றப்பத்திரிகையை யார் படிப்பார்கள்?

இன்னொன்று. மன்னிப்பை வழங்க அந்தச் சபைக்கு என்ன அதிகாரம்? பாதிக்கப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா? ஆறு பேரும் ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள். திரௌபதி என்ன சொன்னாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கிறாள். வனவாசம் தொடங்கிய பிறகு காம்யக வனத்துக்குக் கிருஷ்ணன் பார்க்க வருகிறான். அவனிடம் அழுது தீர்க்கிறாள். எனக்குப் புருஷர்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை, அண்ணன் தம்பி இல்லை, அப்பா இல்லை, நீயும் இல்லை என்கிறாள். அந்தப் புலம்பலின் முடிவில் அவள் குறிப்பிட்டுச் சொல்வது முடியைப் பிடித்து இழுத்த துச்சாதனனை அல்ல, தொடையைக் காட்டிய துரியோதனனையும் அல்ல. அப்போது கர்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தானே, அந்தத் துக்கம் எனக்கு ஆறவே இல்லை என்கிறாள்.

அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் டூரிங் டாக்கீஸில் அழுத அழுகைக்கு எதிரே வந்து நின்ற வரி அது. துச்சாதனனிடம் அவள் வேறென்ன எதிர்பார்த்திருப்பாள்? நல்லவன் என்று பெயரெடுத்தவன் சிரித்ததுதான் ஆறவில்லை. வேறு யார் மன்னித்தாலும் அந்த வாக்குமூலம் பதிவேட்டில் அப்படியேதான் இருக்கிறது.

அதைவிட வேடிக்கை, நீங்கள் மன்னித்த அளவுக்குக் கர்ணனே தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. கிருஷ்ணனோடு பேசிய அதே உத்தியோக பர்வத்தில், துரியோதனனைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பாண்டவர்களைக் கடுமையான சொற்களால் பேசினேனே, அதற்காக இன்று வேகிறேன் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். ராதையைப் பற்றியும் குலத்தைப் பற்றியும் அவ்வளவு பேசியவன், இந்த இடத்தில் ‘என்னைத் துரோணர் விரட்டினார், பீமன் சிரித்தான், அதனால்தான்’ என்று ஒரு சமாதானமும் சொல்லவில்லை. நான் செய்தேன், வருந்துகிறேன். அவ்வளவுதான். எனக்கு அவன் மேல் மரியாதை கூடிய இடமே அதுதான். ஆனாலும் கோர்ட்டுக் கண் சும்மா இருக்காதே. ‘பாண்டவர்களை’ என்கிறான், அவளை என்று சொல்லவில்லை. சொன்னதும் கிருஷ்ணனிடம்; அவளிடம் போய்ச் சொல்லவில்லை. தேர்ச்சக்கரம் மண்ணில் இறங்கியபோது தருமத்தைப் பார் அர்ச்சுனா என்று அவன் கேட்க, திரௌபதியைச் சபைக்கு இழுத்தபோது உன் தருமம் எங்கே போயிற்று, சின்னப் பையன் அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றபோது எங்கே போயிற்று என்று கிருஷ்ணன் திருப்பிக் கேட்கிறான். பரவலாக வழங்கும் பாடத்தில், கர்ணன் வெட்கித் தலைகுனிந்தான், பதில் சொல்லவில்லை. நிராயுதபாணியை அடிக்கச் சொன்ன கிருஷ்ணன் தருமம் பேசலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், அது நல்ல கேள்விதான், ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவனே வாயை மூடிக்கொண்ட கேள்விக்கு அவன் வக்கீல்கள் அன்று அவ்வளவு நேரம் பதில் சொன்னீர்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. செய்யாறு, திருவண்ணாமலை வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோவில் இல்லாத ஊரை எண்ணிவிடலாம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. என் அப்பா கூத்துக்கு முகவீணை வாசித்தவர். துகில் கூத்தன்று துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார். அம்மா, இது வேஷம், மன்னித்துவிடு என்று வாய்விட்டுக் கேட்பார். நடிப்பதற்கே அனுமதி வாங்கினார்கள். அதுவும் அவளிடம் வாங்கினார்கள், கூட்டத்திடம் அல்ல. சில நாள் கழித்துக் கர்ண மோட்சம். மனைவி பொன்னுருவியின் வாயால் குலத்தாழ்ச்சி கேட்ட கர்ணன், போருக்குப் போகும் முன் அவளிடமே விடைபெற்று நிற்பான். விடிய விடியப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். என் அம்மா அன்று காலை அடுப்பே மூட்ட மாட்டாள். அதே அம்மா படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி வந்து, அம்மன் கூந்தல் முடிக்கிற காட்சிக்குக் குலவையிட்டு, சாயங்காலம் மஞ்சள் துணியோடு தீமிதிக்கு வரிசையில் நிற்பாள். கர்ணனுக்காக அழுதுவிட்டோமே, திரௌபதியை எப்படிக் கும்பிடுவது என்று அவளுக்குக் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை. கர்ணனைக் கைதி என்றோ நிரபராதி என்றோ யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம்முடைய கர்ணன் பாதிக்கு மேல், தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் கொடுத்த கர்ணன் என்பதும் எனக்குத் தெரியும். செய்த புண்ணியத்தையெல்லாம் அந்தணன் வேஷத்தில் வந்த கண்ணனுக்குத் தன் இரத்தத்தால் தாரை வார்த்தவன், எடுக்கும் பிறவியிலெல்லாம் இல்லை என்று சொல்லாத இதயம் கொடு என்று கேட்டவன். அந்தப் பாட்டை இன்று படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். அவனுக்காகத் தருமரும் உருகினாரே. போர் முடிந்து, அவன் தன் அண்ணன் என்று தெரிந்த பிறகு உடைந்துபோய் ஒன்று சொல்கிறார்: சபையில் அவன் பேசியதைக் கேட்டுக் கோபம் பொங்கியபோது அவன் பாதங்களைப் பார்த்தேன், அவை குந்தியின் பாதங்கள் போலவே இருந்தன, கோபம் போய்விட்டது, ஏன் என்று அன்று தெரியவில்லை. எவ்வளவு அழகான இடம்! ஆனால் அன்று அந்த மண்டபத்தில் திரௌபதி யார் பாதத்தைப் பார்ப்பது?

குழுவினருக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த சித்திரையில் கர்ணனை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கர்ணன் இல்லாமல் கூட்டம் வராது, சுண்டல் விற்கிறவருக்கும் நஷ்டம். ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள், அவ்வளவுதான். இந்தக் கட்சியும் இல்லாமல் அந்தக் கட்சியும் இல்லாமல் திரௌபதி சொன்னதை மட்டும் எடுத்துச் சொல்ல ஒருவர் அதில் உட்காரட்டும். பத்து நிமிஷம் போதும். நடுவர் ஐயா தீர்ப்பில் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், ‘மன்னிக்கிறோம்’ என்பதை மட்டும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் ஒரு சேதி சொல்லிவிடுங்கள். என்னிடம் கும்பகோணத்தில் ம. வீ. இராமானுஜாசாரியார் கொண்டுவந்த பாரத மொழிபெயர்ப்பில் சில தொகுதிகள் இருக்கின்றன. வன பர்வத்தின் அட்டை பிய்ந்துவிட்டது, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. காம்யக வனத்தில் அவள் அழுகிற பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கிறேன். கோவில் குளத்துக்கு மேற்கே மூன்றாவது வீடு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எப்போதும் இருப்பேன். இரவலாக எடுத்துப் போகட்டும். டிக்கெட்டைத் தொலைத்தாலும் பரவாயில்லை, புத்தகம் திரும்பி வர வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் இருந்து கைதட்டியவர்களில் ஒருத்தி